பொருளறியாது கேட்ட இசை: கரிசல் நாடு கற்பிக்கும் பாடம்

சென்ற ஆண்டு நம் குடும்பங்கள் சில ஒன்றுகூடிக் கழுகுமலைக்குத் தரிசன யாத்திரை சென்றோம். சிவகாசியில் இரவு தங்கி, விடியற்காலையில் வெம்பக்கோட்டை வழியாகத் தெற்கு நோக்கிப் புறப்பட்டது எங்கள் பேருந்து. வழியெங்கும் கரிசல் நிலம். இடையிடையே வேலியிட்ட பட்டாசுச் சாலைகள். ஓட்டுநர் ஒலிக்கவிட்ட பழைய இந்திப் பாடல் ஒன்றைப் பின்னிருக்கையில் அமர்ந்திருந்த பிள்ளைகள் கூடவே முணுமுணுத்துக்கொண்டு வந்தனர். அவர்களுள் ஒருவருக்கும் இந்தி தெரியாது.

கழுகுமலைப் பாறையில் வரிசை வரிசையாக அமைந்துள்ள தீர்த்தங்கரர் திருவுருவங்களின் முன் நின்று அனைவரும் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினோம். இறங்கி வரும்போது பத்து வயதுச் சிறுமி ஒருத்தி என் கையைப் பற்றிக்கொண்டு, "தாத்தா, இப்போது சொன்னோமே, அதில் ஒரு சொல்லுக்கும் எனக்குப் பொருள் தெரியாது. ஆனால் சொல்லும்போது நன்றாக இருக்கிறது. தெரியாமல் சொல்வது தப்பா?" என்று கேட்டாள். "தப்பில்லை அம்மா" என்றேன். அவள் ஓடிவிட்டாள். அந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை.

பொருள் தெரியாத மொழியில் அமைந்த பாட்டை நாம் எவ்வாறு சுவைக்கிறோம்? அச்சுவை மெய்யானதா, குறைபட்டதா? இவ்வினாவுக்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அன்று நாங்கள் கடந்து சென்ற அந்நிலமே இவ்வினாவைப் பல நூற்றாண்டுகளாகச் சுமந்து வந்திருக்கிறது. அதன் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பன்மொழி கேட்ட நிலம்

வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரை மேட்டில், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022ஆம் ஆண்டு அகழாய்வைத் தொடங்கிற்று. நுண்கற்கருவிகள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள் ஆகியவற்றோடு சங்கு வளையல்களும் அங்கே மிகுதியாகக் கிடைத்துள்ளன. கடலில் பிறந்த சங்கு உள்நாட்டுக் கரிசலுக்கு வந்து வளையலாகியிருக்கிறது. ஆகவே பிற ஊர்ப் பொருள்களும் அவற்றைக் கொண்டுவந்த பிற ஊர் மனிதர்களும் அந்நிலத்துக்குப் புதியவர்கள் அல்லர்.

பிற்காலத்தில் விஜயநகர ஆட்சியும் மதுரை நாயக்கர் ஆட்சியும் பரவியபோது, தெலுங்கு பேசும் குடிகள் பெருந்தொகையினராகத் தெற்கே வந்து குடியேறினர். பாளையங்கள் பல அவர்கள் வசமாயின. இன்றும் இராஜபாளையம், சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் ஏராளம். அருப்புக்கோட்டையில் கன்னடம் பேசும் தேவாங்கர் நெசவாளர்கள் உள்ளனர். ஆந்திர நாட்டிலிருந்து வந்த மக்கள் இக்கரிசலைத் திருத்தி ஊராக்கிய கதையைக் கி. ராஜநாராயணன் தம் 'கோபல்ல கிராமம்' என்னும் புதினத்தில் எழுதியுள்ளார்.

இத்தகைய நிலத்தில் பக்கத்து வீட்டுத் தாலாட்டும் ஒப்பாரியும் பக்கத்து வீட்டாருக்கு முழுமையாக விளங்கியிருக்க இயலாது. ஆயினும் குழந்தை உறங்கிற்று என்பதும், ஒரு வீட்டில் சாவு நேர்ந்தது என்பதும் ஓசையைக் கொண்டே அனைவருக்கும் விளங்கின. இராஜகம்பளத்தார் ஆடும் தேவராட்டத்தை நோக்குக. எட்டயபுரம் வட்டாரத்துச் சமீன் கோடாங்கிபட்டி இவ்வாட்டத்துக்குப் பெயர்பெற்ற ஊர். இவ்வாட்டத்துக்குப் பாட்டே கிடையாது. தேவதுந்துபி என்னும் தோற்கருவியின் முழக்கத்துக்கேற்ப அடவுகள் மாறிக்கொண்டே செல்லும். சொல்லே இல்லாத இடத்தில் மொழி தெரியவில்லை என்னும் குறை எழுவதில்லை.

எட்டயபுரம்: கேட்டதைக் காத்தவர்கள்

வெம்பக்கோட்டைக்குத் தென்கிழக்கே எட்டயபுரம் உள்ளது. அதனை ஆண்ட ஜமீன்தார்கள் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்; குடிகளுள் பெரும்பாலோர் தமிழர்; அரண்மனையில் ஒலித்ததோ தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் ஆகிய மூன்றும். கருநாடக இசை மூவருள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் இவ்வரண்மனையின் இசைவாணராக விளங்கினார்.

இவ்விரு சகோதரரின் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்று நம் பொருளுக்கு மிகவும் இயைந்தது. இவர்கள் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்தபோது, ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் வாசித்த பாண்டு இசையைக் கேட்கும் வாய்ப்பு நேர்ந்தது. பாலுசுவாமி அங்கே வயலின் கருவியைப் பயின்று, நம் இசைக்கு அதனைப் பொருத்திய முன்னோடிகளுள் ஒருவரானார். முத்துசுவாமியோ அம்மேனாட்டு மெட்டுகள் பலவற்றைச் செவியால் வாங்கி, அவற்றுக்குச் சமஸ்கிருதச் சொற்களை அமைத்தார். 'நோட்டு ஸ்வர சாகித்யங்கள்' எனப்படும் அவை ஏறக்குறைய 40 ஆகும். ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டும் அவற்றுள் ஒன்று. அம்மெட்டுகளின் ஆங்கிலச் சொற்களை அவர் ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. மெட்டு அவர் செவியைத் தொட்டது. அதைத் தமக்குரிய வழிபாட்டு மொழியில் குடியேற்றினார்.

தீட்சிதர் தம் இறுதிக்காலத்தில் எட்டயபுரத்துக்கு வந்தார். வரும் வழியில் மழையின்றி வெடித்துக் கிடந்த கரிசலைக் கண்டு மனமிரங்கி, அமிர்தவர்ஷிணி இராகத்தில் அம்பிகையைப் பாட, மழை கொட்டிற்று என்பது செவிவழிச் செய்தி. அதனை வரலாறாகக் கொள்வோரும் உளர். நம்பிக்கையாகக் கொள்வோரும் உளர். எதுவாயினும், வானம் பார்த்த நிலத்து உழவர்கள் சமஸ்கிருதப் பாட்டொன்றைத் தம் மழைக்கதையாக்கிக்கொண்டது கருதத்தக்கது. 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் தீட்சிதர் எட்டயபுரத்திலேயே மறைந்தார். அவர் சமாதி இன்றும் அங்கே உள்ளது.

பாலுசுவாமியின் மகள்வயிற்றுப் பேரனும் சுவீகார மைந்தனுமாகிய சுப்பராம தீட்சிதர் (1839–1906) அடுத்த தலைமுறையின் அரண்மனை வித்துவான். அவரிடம் இருந்த குடும்பச் செல்வமாகிய பாடல்கள் அழிந்துவிடுமோ என அஞ்சி, அவற்றை அச்சேற்றியே தீரவேண்டும் என வற்புறுத்தியவர் ஏ. எம். சின்னசாமி முதலியார். இவர் கிறித்தவர், நம் நாட்டுப் பாடல்களை மேனாட்டு இசைக்குறியீட்டில் எழுதி 1893இல் வெளியிட்டவர். எட்டயபுரம் அரசரின் பொருளுதவியால் 1904ஆம் ஆண்டு எட்டயபுரம் வித்தியா விலாசினி அச்சுக்கூடத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூல் வெளிவந்தது. ஏறக்குறைய 1700 பக்கங்கள் கொண்ட அந்நூலில் தீட்சிதரின் கிருதிகள் 200க்கும் மேல் இடம்பெற்றன. 72 மேளங்களின் இலக்கணமும் இசைவாணர் பலருடைய வரலாறும் அதில் உள்ளன. சுரத்தின் அசைவுகளைக் காட்டும் கமகக் குறிகளும் உடன் அச்சாயின.

அந்நூல் தெலுங்கு எழுத்தில் அச்சிடப்பெற்றது. தமிழ் நிலத்தில், கிறித்தவத் தமிழர் ஒருவரின் தூண்டுதலால், தெலுங்கு பேசும் அரசரின் பொருளால், சமஸ்கிருதப் பாடல்கள் தெலுங்கு எழுத்தில் நிலைபெற்றன. அவரவர் தத்தம் மொழிக்குள் மட்டுமே நின்றிருப்பின் அந்நூல் தோன்றியிராது. எனினும் தெலுங்கு எழுத்தறியாத தமிழ் மாணாக்கருக்கு அந்நூல் நெடுங்காலம் பூட்டிய பெட்டியாகவே இருந்தது. சென்னை மியூசிக் அகாதெமி 1961ஆம் ஆண்டு முதல் அதனைத் தமிழ் எழுத்தில் பகுதி பகுதியாக வெளியிட்ட பின்னரே அப்பெட்டி அவர்களுக்குத் திறந்தது. கேட்டு மகிழ்வதற்கு எழுத்தோ பொருளோ தேவைப்படவில்லை. கற்றுக் காப்பதற்கு அவை தேவைப்பட்டன. இவ்வேறுபாட்டை நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

அதே ஊரிலிருந்து எழுந்த குரல்

சுப்பராம தீட்சிதர் அரண்மனை வித்துவானாக இருந்த நாளில், அதே எட்டயபுரத்தில் 1882ஆம் ஆண்டு பிறந்தவர் சுப்பிரமணிய பாரதியார். அவர் பின்னாளில் எழுதிய 'சங்கீத விஷயம்' என்னும் கட்டுரையில் அக்காலக் கச்சேரிகளைக் கடுமையாகக் கண்டித்தார். ஊர்தோறும் வித்துவான்கள் ஒருசில சமஸ்கிருத, தெலுங்குப் பாடல்களையே திரும்பத் திரும்பப் பாடுகின்றனர். பாடுவோருக்கும் பொருள் தெரியவில்லை, கேட்போருக்கும் தெரியவில்லை. நவரசங்களும் போய் வெறும் ஒலியே எஞ்சுகிறது என்பது அவர் முறையீட்டின் சாரம்.

இதே பாரதியார்தாம் சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது இரங்கற்பா பாடியவர். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. தீட்சிதரின் புலமையை அவர் மதித்தார். பொருளுணராது ஒப்புவிக்கும் வழக்கத்தை வெறுத்தார். ஒரு பாடலைப் பயின்று, அதன் ஒவ்வோர் அசைவையும் காத்துத் தந்தவர் வேறு. அதனைக் கிளிப்பிள்ளைபோல் உருவிட்டவர் வேறு.

1941: வினா வீதிக்கு வந்தது

பாரதியார் எழுப்பிய குரல் இருபது ஆண்டுகளுக்குப் பின் ஓர் இயக்கமாயிற்று. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழ்ப் பாடல்களை வளர்ப்பதற்கென நன்கொடை வழங்கினார். 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. ஆர். கே. சண்முகம் செட்டியார், இராஜாஜி, டி. கே. சிதம்பரநாத முதலியார், கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி முதலியோர் ஆதரித்துப் பேசியும் எழுதியும் வந்தனர். இசைவாணருள் எம். எஸ். சுப்புலட்சுமி, தண்டபாணி தேசிகர், எம். கே. தியாகராஜ பாகவதர் போன்றோர் துணைநின்றனர்.

தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப்பாட்டுக்கு முதலிடம் இல்லை. கச்சேரியின் முடிவில் 'துக்கடா'வாக மட்டும் அது பாடப்படுகிறது. முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப்பிள்ளை, அருணாசலக் கவிராயர் பாடியவை மறைந்து வருகின்றன என்பது இயக்கத்தாரின் குறை. அது நியாயமான குறை. மறுபுறம் இருந்தோர், இசைக்கு மொழி எல்லையில்லை. திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசர் தெலுங்கிற் பாடியவை தமிழ் மண்ணிலேயே பிறந்தவை. மொழிப்பற்றால் இசையின் தரம் தாழ்ந்துவிடலாகாது என்றனர். அக்கவலையிலும் உண்மை இருந்தது.

இருசாராரும் உண்மையில் இருவேறு வினாக்களுக்கு விடை கூறினர். பொருள் தெரியாமல் இசையைச் சுவைக்க முடியுமா என்பது ஒரு வினா. ஒரு மக்கள் தம் மொழியை ஒதுக்கிவிட்டுப் பிறமொழியில் மட்டுமே பாடலாமா என்பது மற்றொரு வினா. முதல் வினாவுக்கு 'முடியும்' என்பதே விடை. இரண்டாம் வினாவுக்கு 'கூடாது' என்பதே விடை. முதலாவதன் விடையைக் கொண்டு இரண்டாவதை மறுத்தலும், இரண்டாவதன் விடையைக் கொண்டு முதலாவதை மறுத்தலும் பொருந்தா. பூசல் நீண்டதற்கு இக்குழப்பமே பெருங்காரணம் எனலாம்.

மக்கள் அளித்த தீர்ப்பு

அறிஞர் வாதிட்டுக்கொண்டிருக்க, மக்கள் தம் செவியாலேயே தீர்ப்பளித்துவிட்டனர். கோவில்பட்டியில் வாழ்ந்த நாகசுர மேதை காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) திருவிழாப் பந்தலில் தியாகராசர் கிருதியை வாசித்தபோது, விடியுமட்டும் அமர்ந்து கேட்ட உழவர்களுக்கு அது தெலுங்குப் பாட்டு என்பதே ஒரு செய்தியன்று. குழலுக்குள் சொல் இல்லை. அவ்வூரார் தலைமேல் வைத்துப் போற்றிய விளாத்திகுளம் சுவாமிகள், இராக ஆலாபனைக்கே புகழ்பெற்றவர். ஓர் இராகத்தையே நெடுநேரம் விரித்துப் பாடுவார். அங்கும் சொல் இல்லை, சுவை குன்றவில்லை.

அதே வட்டாரத்தில்தான் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் தமிழ்க் காவடிச்சிந்து, கழுகுமலை முருகனைப் பாடிக்கொண்டு, காவடி தூக்கியவர் கால்களில் துள்ளிற்று. பாமரரும் பொருளுணர்ந்து பாடினர். நாகசுரத்தில் தெலுங்குக் கிருதியைக் கேட்டவரும், காவடிச்சிந்தைக் கூடவே பாடியவரும் வேறுவேறு மக்கள் அல்லர். ஒன்றை வைத்து மற்றொன்றை அவர்கள் தள்ளவில்லை.

1962இல் வெளியான 'கொஞ்சும் சலங்கை' திரைப்படத்தில் காருகுறிச்சியாரின் நாகசுரத்தோடு இழைந்து தமிழ்ப்பாடல் பாடிய எஸ். ஜானகி, தெலுங்கு நாட்டில் பிறந்தவர். தெலுங்குப் பாடலைத் தமிழர் தலையில் சுமத்தலாமா என்று வாதிட்ட நாட்டில், தெலுங்கு நாவில் பிறந்த தமிழ்ப்பாடல்கள் வீடுதோறும் ஒலித்தன. எம். எஸ். சுப்புலட்சுமியோ 1966இல் ஐக்கிய நாடுகள் அவையில் இராஜாஜி இயற்றிய ஆங்கிலப் பாடல் ஒன்றையும் பாடினார். இந்தித் திணிப்பை எதிர்த்து 1965இல் கொந்தளித்த தமிழகத்தில், 1969இல் வெளிவந்த 'ஆராதனா' என்னும் இந்திப் படத்தின் பாடல்கள் பட்டிதொட்டியெங்கும் முணுமுணுக்கப்பட்டன. சட்டத்தால் வரும் மொழியை எதிர்த்தவர்கள், பாட்டாக வந்த மொழியை வரவேற்றனர். மொழியின் மீது மக்களுக்குப் பகை இல்லை. வற்புறுத்தலின் மீதே பகை என்பதற்கு இது சான்று.

செவி எதைப் பெறுகிறது, எதை இழக்கிறது

பொருள் தெரியாத பாட்டில் நம் செவி பெறுவன பல. இராகத்தின் ஏற்ற இறக்கம், தாளத்தின் நடை, எதுகையும் மோனையும் தரும் ஓசையின்பம், நெடில் ஒலிகளில் குரல் நின்று உலாவும் அழகு, பாடுவோர் மூச்சில் தெரியும் உருக்கம் ஆகிய அனைத்தும் மொழியறியாதார்க்கும் உரியன. ஒரு தாய் தன் மகவைக் கொஞ்சும் ஓசையை எந்நாட்டவரும் அறிவர். பொருளைத் தேடி மனம் ஓடாதபோது ஓசையின் நுட்பத்தில் அது இன்னும் ஆழ்ந்து செல்வதும் உண்டு.

இழப்பனவும் உள. தியாகராசர் ஓரடியையே பலமுறை பல சங்கதிகளாக விரிக்கிறார். ஒவ்வொரு சங்கதியிலும் அச்சொல்லின் பொருளுக்குப் புதியதொரு நிறம் ஏறுகிறது. தெலுங்கறியாதார் சங்கதியைக் கேட்பர், நிறத்தைக் காணார். பாடுவோரே மொழியறியாதவராயின் தீங்கு மிகும். ஒரு சொல்லின் கடைசி எழுத்தை அடுத்த சொல்லோடு சேர்த்தும், ஒரே சொல்லை இடையில் முறித்தும் பாடுவர். துதி வசையாகிவிடுதலும் நேரும். கேட்போர் பொருளறியாமை குற்றமன்று. பாடுவோரும் கற்பிப்போரும் பொருளறியாமை குற்றமாகும்.

நம் முன்னோர் கண்ட நெறி

இனி நம் இலக்கியங்களையும் திருத்தலங்களையும் நோக்குவோம். இளங்கோவடிகளின் சிலப்பதிகாரம், அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன் முதல் யாழாசிரியன் வரை ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதிகளை வகுத்துரைக்கிறது. அங்கே இசையாசிரியனுக்குக் கூறப்பெறும் தகுதிகளுள் ஒன்று, பல தேசத்து மொழிகளின் ஓசைகளையும் குற்றமற உணர்ந்திருத்தல். பிறமொழிப் பாடல் தமிழ் மேடைக்கு வரும் என்பதையும், வந்தால் அதன் ஓசை பிழைபடலாகாது என்பதையும் அக்காப்பியம் முன்னரே எண்ணிப் பார்த்திருக்கிறது.

கொங்குவேளிரின் பெருங்கதையில், மதங்கொண்ட நளகிரி என்னும் யானையை உதயணன் தன் யாழிசையால் அடக்குகிறான். யானைக்கு மொழி ஏது? திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையின் இசைப்போட்டியின்போது சீவகன் பாட, விஞ்சையரும் மண்ணவரும் ஒருங்கே உருகுகின்றனர். ஓசையின் ஆற்றலைச் சமணப் புலவர் எவரினும் குறைவாக மதித்தவர் அல்லர்.

திருப்பருத்திக்குன்றத்தில் உள்ள நம் ஆலயத்தின் சங்கீத மண்டபத்தை அறியாதார் இலர். அதனை 1387ஆம் ஆண்டளவில் எடுப்பித்தவர் இருகப்பர். விஜயநகரப் பேரரசின் அமைச்சர். முனிவர் புட்பசேனரின் மாணாக்கர். அன்னிய நாட்டிலிருந்து வந்த அமைச்சர் தமிழ்நாட்டு ஜினாலயத்தில் எழுப்பிய மண்டபம் சங்கீதத்துக்கென்றே அமைந்தது எவ்வளவு பொருத்தம்!

கழுகுமலைக்கு மீண்டும் வருவோம். எட்டாம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தில் அப்பாறையில் திருவுருவங்களைச் செய்வித்தோர் பலர், பற்பல ஊரினர், அவர்களுள் குரத்தியராகிய பெண் துறவியரும் உளர். அவர்கள் ஓதிய மந்திரம் பாகதம். ஆனால் இன்னார் செய்வித்த திருமேனி இது என அப்பாறையில் வட்டெழுத்தில் பொறித்தது தமிழ். பாகதத்தை அவர்கள் கைவிடவும் இல்லை; தமிழை மறைக்கவும் இல்லை.

அக்காலத்துத் தேவாரப் பாடல்கள் சிலவற்றில் நம் முன்னோரின் மந்திர ஓசை மூக்கொலியாக எள்ளப்பட்டுள்ளது. பழம்பகையைக் கிளறுதற்காக இதனைக் கூறவில்லை. புரியாத மொழியின் ஓசை, விரும்பிக் கேட்பார் செவியில் இசையாகிறது. வெறுத்துக் கேட்பார் செவியில் இரைச்சலாகிறது. இவ்வுண்மையை எள்ளலுக்கு ஆளான நாம் மறக்கலாகாது. பிறர் தம் மொழியில் ஓதுவதையும் பாடுவதையும் கேட்கும்போது, நம் செவி எவ்வாறு கேட்கிறது என்று நம்மையே வினவிக்கொள்வோமாக.

இவை அனைத்துக்கும் மேலாக, சமவசரணத்தில் பகவானின் திவ்விய தொனி எழுத்துருவற்ற ஓசையாக எழுகிறது என்றும், பதினெட்டுப் பெருமொழியினரும் எழுநூறு சிறுமொழியினரும் விலங்கும் பறவையும் அதனைத் தத்தம் மொழியில் உணர்ந்தனர் என்றும் நம் ஆகம மரபு கூறுகிறது. இங்கே ஓசை முதலில் வருகிறது. ஆனால் ஓசையோடு அது முடிந்துவிடவில்லை. கேட்ட ஒவ்வோர் உயிரும் தன் மொழியில் பொருளை உணர்ந்த பின்னரே அக்கேள்வி நிறைவடைகிறது.

இன்று நாம் செய்யத்தக்கவை

இன்று நம் இல்லங்களில் பாகத மந்திரமும் சமஸ்கிருத பக்தாமர ஸ்தோத்திரமும் ஒலிக்கின்றன. வடநாட்டு அன்பர் வழியாக இந்திப் பஜனைகளும் வந்துள்ளன. மெட்டு இனிமையாதலால் பிள்ளைகள் விரைவில் பற்றிக்கொள்கின்றனர். மகிழ்ச்சியே. ஆனால் மயிலாப்பூர் நேமிநாதரைப் போற்றும் அவிரோதி ஆழ்வாரின் திருநூற்றந்தாதியையும், உதீசித்தேவரின் திருக்கலம்பகத்தையும் இசையோடு பாடத் தெரிந்த இளைஞர் எத்துணைப் பேர் உளர்? ஒரு தலைமுறைக்கு முன் ஊர்ப் பெரியோர் வாயில் இருந்த மெட்டுகள் அவர்களோடு மறைந்து வருகின்றன. அவற்றைச் சுரப்படுத்தி வைக்க நமக்கு இன்னும் ஒரு சுப்பராம தீட்சிதர் வாய்க்கவில்லை. 1941இல் தமிழ்நாட்டு மேடைக்கு நேர்ந்த குறை, நம் ஆலய மண்டபங்களுக்கு இன்று நேர்ந்துகொண்டிருக்கிறது.

இதற்குப் பரிகாரம் பிறமொழிப் பாட்டை விலக்குவதன்று. நான்கு செயல்கள் போதும். முதலாவது, ஓதுவதைப் பிழையற ஓதக் கற்பித்தல். இரண்டாவது, ஒவ்வொரு மந்திரத்தின் அருகிலும் அதன் பொருளை எளிய தமிழில் அச்சிட்டுப் பிள்ளைகள் கையில் கொடுத்தல். மூன்றாவது, பிறமொழியில் ஒன்று பாடினால் தமிழில் ஒன்று பாடுதல் என்னும் வழக்கத்தைத் திருவிழாதோறும் கைக்கொள்ளுதல். நான்காவது, முதியோர் அறிந்த மெட்டுகளை இப்போதே ஒலிப்பதிவு செய்து, சுரம் அறிந்தோரைக் கொண்டு எழுதி வைத்தல். ஒலிப்பதிவுக்கு வேண்டிய கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. வேண்டியது, தாத்தாவும் பாட்டியும் பாடும்வரை பொறுமையாக உடன் அமர்ந்திருக்கும் ஒரு பிற்பகல் மட்டுமே.

கழுகுமலையில் அச்சிறுமி கேட்ட வினாவுக்கு இப்போது இவ்வாறு விடை கூறுவேன்: "தெரியாமல் சொல்வது தப்பில்லை, அம்மா. உனக்கு அது நன்றாக இருந்ததே, அது பொய்யன்று. உன் செவி முதலில் போய் வாயிலைத் தட்டியிருக்கிறது. கதவைத் திறந்து உன்னை உள்ளே அழைத்துச் செல்வது எங்கள் கடமை. அதைத்தான் நாங்கள் இதுவரை செய்யாதிருந்தோம்."

அடுத்த யாத்திரைக்கு முன் அந்த ஐந்து வணக்கங்களின் பொருளை அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட எண்ணியுள்ளேன். ஒவ்வோர் இல்லத்துப் பெரியோரும் தத்தம் பேரப்பிள்ளைகளுக்கு அதனையே செய்வார்களாக.